எஸ்தர் மேடம் நடத்திய தசைப் பாடம்

திருப்பதியில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது சித்தூரிலிருந்து எங்கள் கல்லூரி ஆய்வக உதவியாளர் போன் செய்தார். "எஸ்தர் மேடம் போயிட்டாங்க மேடம். காலையில மூச்சு நின்னுபோச்சு." பேனாவை மூடி வைத்தேன். அவரிடம் விலங்கியல் படித்தவர்கள், அவருடன் பணியாற்றியவர்கள் எனப் பலர் இந்த நினைவுக் கூட்டத்தில் இருக்கிறீர்கள். கடைசி வருடங்களில் அவர் எதற்குள் அகப்பட்டிருந்தார் என்பது சிலருக்குத்தான் தெரியும்.

முப்பது வயதைத் தாண்டியதும் அவருக்குப் படியேற முடியாமல் போனது. அவருடைய அம்மா முதலில் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் புத்தூருக்குத்தான் அழைத்துப் போனார். கட்டுப் போடுபவர் முட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எலும்பு நல்லா கீதும்மா. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போ" என்று அனுப்பிவிட்டார். அங்கேதான் விஷயம் தெரிந்தது. டைட்டின் என்ற தசைப் புரதத்துக்கான மரபணு, அப்பாவிடமிருந்தும் அம்மாவிடமிருந்தும் பழுதாகவே அவருக்கு வந்திருந்தது. அவர்கள் இருவரும் அத்தை மகன், மாமன் மகள்.

ஒருநாள் கல்லூரிக் கழிவறையில் விழுந்துவிட்டார். நான் கதவைத் தள்ளினேன். "தள்ளாதீங்க, குறுக்க நான்தான் கெடக்கறேன்" என்றார் உள்ளிருந்து. ஆசாரி வந்து பலகையை அறுத்தெடுக்க ஒரு மணி நேரமானது. மறுநாள் வகுப்பில் உட்கார்ந்தபடியே தசைப் பாடம் நடத்தினார். "சுருங்குறது எல்லாருக்கும் தெரியும். அதிகமா இழுபட்டா பிஞ்சு போகாம, திரும்ப எடத்துக்குக் கொண்டாந்து விடறது டைட்டின். ஸ்பிரிங் மாதிரி. எனக்கு அதுதான் சரியில்ல."

பிறகு, அவருடைய தம்பி மகள் ஷீபாவை அக்கா மகனுக்குக் கட்டிவைக்க வீட்டில் பேசி முடித்தார்கள். இருவரும் விரும்பியிருந்தார்கள். கல்யாணத்துக்கு முன் இருவரையும் மரபணுச் சோதனை செய்துகொள்ளச் சொல்வதா வேண்டாமா என்று ஒரு மாதம் தவித்த எஸ்தர், ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து எல்லோரும் வீட்டிலிருந்தபோது சொல்லிவிட்டார். நானும் அங்கிருந்தேன்.

அவருடைய அம்மா, "அப்போ நானும் உங்க நைனாவும்தான் உன்ன இப்டி பண்ணிட்டோமா?" என்று கேட்டார்.

"யாரும் பண்ணலம்மா. உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியுது, அதான் சொல்றேன்."

சோதனையில் இருவரிடமும் அந்த மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்றில் மட்டும் அதே பழுது இருந்தது. அவர்களுக்கு ஒன்றுமில்லை, ஆனால் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. பெரியவர்கள் கல்யாணத்தை நிறுத்தினார்கள். ஷீபா அழுது தீர்த்தாள்; அத்தையோடு பேசுவதை நிறுத்தினாள். அதற்குள் படுக்கையை விட்டு எழ முடியாமல் போன எஸ்தரின் அறைக்கு வெளியே, அதே வீட்டில், அவள் நடமாடும் சத்தம் மட்டும் கேட்கும்.

கல்லறைத் தோட்டத்தில் ஷீபா மண் போடவில்லை. எல்லோரும் கிளம்பிய பிறகும் அங்கேயே நின்றிருந்தாள். நான் கூப்பிடவில்லை.

போன மாதம் கடைசியாகப் பார்த்தபோது, மூச்சுக்கருவியின் முகமூடியை விலக்கிவிட்டு எஸ்தர் சொன்னார்: "நான் சொன்னது சரி. அவ அழுததும் சரி. ரெண்டையும் வெச்சிக்கினு இங்கதான் கெடக்கறேன்." அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த வார்த்தைகளைத்தான்.