கழுவாத முகம்

"மேல பாரு. கீழ பாரு. இப்ப என் மூக்கப் பாரு."

எல்லோரும் மரியாதையாக 'டோன்யா' என்றழைக்கும் ஹசிந்தா டார்ச்சை அணைத்துவிட்டு, எதிரே நின்ற சிறுமியின் கண்ணோரத்தைச் சுண்டுவிரலால் மெல்லத் தொட்டார். மஞ்சள் துணுக்கு ஒன்று உப்புக்கல் மாதிரி உதிர்ந்து விழுந்தது. "நல்லாத் தூங்கியிருக்கா மகராசி. உள்ள போ."

விடிகாலை ஐந்தே கால். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் பிப்ரவரிக் குளிர். ஆறு மணி ஷிப்டுக்கு மாட்டிறைச்சி ஆலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளைத் தோளில் சாத்திக்கொண்டு வரிசையில் நின்றார்கள். ஹசிந்தாவின் காப்பகத்துக்கு ஒரே ஒரு சட்டம்தான்: பிள்ளையை முகம் கழுவாமல் கொண்டுவர வேண்டும்.

புதிதாக வரும் தாய்மார்கள் அதைக் கேட்டதும் திடுக்கிடுவார்கள். தலையைப் படிய வாரி, முகத்தைப் பளிச்சென்று துடைத்த பிறகே பிள்ளையை வாசல் தாண்ட விடும் மெக்சிகோக்காரிகள் அவர்கள். கண் லேசாகச் சிவந்தால் சீமைச்சாமந்திப் பூவைக் கொதிக்கவைத்து, அந்த நீரில் பஞ்சை நனைத்துத் துடைத்துவிடுவது அவர்களின் கைவைத்தியம். ஹசிந்தாவுக்கு அந்தப் பூவின் வாசம்தான் முதல் எதிரி. பிள்ளையின் கன்னத்தை முகர்ந்து பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். "கண்ணு நோவ மறைச்சுக் கொண்டாந்திருக்க. திரும்பு வீட்டுக்கு."

காரணம் இருந்தது. பதினொரு வருடங்களுக்கு முன் ஒருத்தி இப்படித்தான் துடைத்துக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனாள். அந்த வாரமே ஒன்பது பிள்ளைகளுக்குக் கண்நோய். ஒன்பது வீட்டிலும் யாரோ ஒருவர் வேலைக்குப் போகவில்லை. நான்கு பேருக்கு வேலையே போயிற்று. அதற்குப் பிறகு டார்ச் இல்லாமல் ஹசிந்தா கதவைத் திறந்ததில்லை.

"டோன்யா, எல்லையில கூட எங்கள இப்படிச் சோதிக்கல" என்பான் லாலோ. இரட்டைப் பெண்களின் அப்பா, வாய் நீளம். "ஆமா, இந்தப் பீள எதுக்குத்தான் வருது?"

ஹசிந்தாவும் இருபது வருடம் அதே ஆலையில் கத்தி பிடித்தவர். ஆலைக் கணக்கில்தான் பதில் வரும். "நம்ம ஆலையில பகல்ல வேல, ராத்திரி கழுவுற ஆளு வருவான். கண்ணுல அப்படியே தலைகீழு. முழிச்சிருக்கறப்போ இமை சிமிட்டிச் சிமிட்டி, தண்ணி, சளி, எண்ணெய், செத்த தோலு எல்லாத்தையும் வழிச்சுக்கிட்டே இருக்கும். தூங்குனா கழுவுற ஆளுக்கு லீவு. எல்லாம் மூலையில ஒதுங்கிக் காயுது. அவ்வளவுதான். உலர்ந்து உதிர்ந்தா தூக்கம். இமையே ஒட்டிக்கிட்டு, துடைச்ச கொஞ்ச நேரத்துல மறுபடி ஊறுனா நோவு. போடா, நேரமாவுது."

அன்று வரிசையில் லாலோவுக்கு முன்னால் நயேலி நின்றாள். இடுப்பில் நான்கு வயது மகன் எமிலியானோ. ஹசிந்தா டார்ச்சை அடித்தார். கண் சிவந்திருந்தது. ஓரத்தில் ஒரு துணுக்குகூட இல்லை.

"மூணாவது நாளு. மூணு நாளும் கழுவித் துடைச்ச கண்ணு. ரெண்டு தடவ சொல்லிப் பாத்தேன்ல?"

"சத்தியமா நான் கழுவல டோன்யா."

"செவந்து கெடக்குதே, அது என்ன?" ஹசிந்தா முகர்ந்து பார்த்தார். பூவின் வாசம் வரவில்லை. அதனால் கோபம் இன்னும் ஏறியது. "வேற ஏதோ போட்டுத் துடைச்சிருக்க. பத்து நிமிஷம் இங்கயே நில்லு. நோவுன்னா ஊறும். தாய் பொய் சொல்லலாம், கண்ணு சொல்லாது."

நயேலியின் முகம் வெளுத்தது. "லேட்டா போற ஒவ்வொரு தடவையும் ஆலையில ஒரு புள்ளி கழிக்கிறாங்க, என் பேர்ல இன்னும் ஒண்ணுதான் பாக்கி. இன்னைக்கு லேட்டானா அனுப்பிடுவாங்க."

அது ஹசிந்தாவுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் கதவை மறித்தபடி நின்றார். உறைந்த படியில் நயேலி கால் மாற்றி நின்றாள். பத்து நிமிடம் கழித்து மறுபடி டார்ச். கண்ணில் எதுவும் ஊறவில்லை. சிவப்பு மட்டும் அப்படியே இருந்தது.

ஏதோ கேட்க ஹசிந்தா வெளிச்சத்தை மேலே தூக்கினார். அது நயேலியின் முகத்தில் விழுந்தது. அவள் கண்ணோரத்தில் காய்ந்த பீளை அப்பியிருந்தது. தன் முகத்தையே கழுவாதவள் பிள்ளையின் முகத்தை எங்கே கழுவியிருப்பாள்?

ஹசிந்தாவின் கை தாழ்ந்தது. "ஏம்மா, இவன் ராத்திரி தூங்குனானா?"

"தூங்குனானே. என் பக்கத்துலதான்."

"நான் தூங்கல" என்றான் எமிலியானோ, பெருமையாக. "எனக்கு ராத்திரி ஷிப்டு."

"என்னடா சொல்ற?" என்றாள் நயேலி.

"வண்டி ஜன்னல யாராச்சும் தட்டுனா அம்மாவ எழுப்பணும். அம்மாவுக்குப் பகல் ஷிப்டுல்ல? அதான் நான் முழிச்சிருக்கேன்."

சாலையோரத்தில் நின்ற நயேலியின் பழைய பிக்கப் வண்டியை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பின்னிருக்கையில் கூரை முட்ட மூட்டைகள், கண்ணாடிக்குப் போர்வை. இரண்டு நாளாக இந்தப் பையன் விடிந்ததிலிருந்து மூன்று மணி வரை எழுப்பினாலும் எழாமல் கிடந்தது ஹசிந்தாவின் நினைவுக்கு வந்தது. சோம்பேறி என்று சிரித்திருந்தார். கண்ணைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்று பதினொரு வருடம் சொன்னவர் டார்ச்சை அணைத்தார்.

நயேலி மகனை இறுக்கிக்கொண்டாள். "அவன முழிச்சிருக்க நான் சொல்லல டோன்யா. தூங்குறான்னுதான் நெனச்சேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. வண்டியில குடியிருக்கோம்னு தெரிஞ்சா அரசாங்கத்துல பிள்ளையப் பறிச்சுக்கிட்டுப் போயிடுவாங்க."

"குடு அவன. நீ ஓடு. இன்னும் இருபது நிமிஷம் இருக்கு."

நயேலி ஓடினாள். லாலோ தன் பெண்களை இறக்கிவிட்டான். ஹசிந்தா டார்ச்சை அவன் கையில் திணித்தார். "எனக்கு ஒத்தாசைக்கு இருக்கற ரெபேக்கா சமையக்கட்டுல இருக்கா. இனி வர்ற பிள்ளைங்களப் பாக்கச் சொல்லி இத அவகிட்டக் குடு." அந்த டார்ச் இன்னொருவர் கைக்குப் போனதை அங்கே யாரும் பார்த்ததில்லை. லாலோ கிண்டல் எதுவும் செய்யாமல் வாங்கிக்கொண்டான்.

உள்ளே, தன் சொந்தக் கட்டிலில் பையனைப் படுக்கவைத்தார். அவன் கண்ணை மூடவில்லை.

"அடுத்த ஷிப்டு யாரு?" என்று கேட்டான்.

மாற்று ஆள் வராமல் இடத்தை விட்டு நகரக் கூடாது. ஆலை ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் இது தெரியும்.

"நான்தான்டா" என்றார் ஹசிந்தா. ஒரு நாற்காலியை இழுத்து ஜன்னலுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார். பையன் அதைச் சரிபார்த்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பினான்.

மூன்றரை மணிக்கு நயேலி ஓடி வந்தபோது, கட்டிலின் பக்கத்தில் அவளுக்காக ஒரு மடக்குக் கட்டில் புதிதாக விரிந்து கிடந்தது. அதன்மேல் ஹசிந்தாவின் போர்வை மடித்து வைக்கப்பட்டிருந்தது. ஹசிந்தா ஜன்னலுக்கு முன்னால் அதே நாற்காலியில் இருந்தார். எழுந்து வரவில்லை. ஒரு விரலை உதட்டில் வைத்து, இன்னொரு கையால் தூங்குகிற பையனின் கண்ணோரத்தைக் காட்டினார். அங்கே மஞ்சளாக, அரிசிக் குருணை அளவில் ஒன்று காய்ந்திருந்தது. துடைக்க நீண்ட நயேலியின் கையை ஹசிந்தா எட்டிப் பிடித்துக்கொண்டார்.