பெரிய வாய்க் கிடாரும் என் வாடிக்கைக்காரர்களும்

விற்கிற பொருள் என்னவென்று வாங்க வருகிறவருக்கே விளக்கிச் சொல்ல வேண்டிய தொழில் உங்களுக்கும் வாய்த்திருந்தால், என் பாடு உங்களுக்குச் சட்டென்று புரியும். கம்பம் ஊரில், இரண்டாம் உலகச் சண்டைக்கு முந்தியிருந்தே நான் கிடார் செய்தவன்.

மரத்துக்குள் யார்?

கதவு, நிலை, கட்டில் என்று செய்துகொண்டிருந்தவன்தான் நான். எப்போதாவது ஆர்மோனியப் பெட்டியும் ஒட்டித் தருவேன். குமுளிக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் இருந்த ஒரு துரை, மலைப்பாதையில் காருக்குள் நசுங்கிப்போன கிடார் ஒன்றைக் கொண்டுவந்தார். அதன் துளை வட்டமாக இல்லை. பாதி நிலாவைப் படுக்கவைத்த மாதிரி அகலமாக வாயைத் திறந்திருந்தது. கம்பி எல்லாம் எஃகு. பிரான்ஸ் தேசத்தில் ஊர் ஊராகத் திரியும் ஜிப்சிகள் கல்யாணக் கூட்டத்தில் இதைத்தான் வாசிப்பார்களாம். எத்தனை பேர் கத்தினாலும் இதன் சத்தம் மேலே நிற்குமாம்.

ஒட்டி முடித்ததும் அட்டையில் அதன் அளவை எல்லாம் வெட்டி வைத்துக்கொண்டேன். துரை வந்து கம்பியை ஒரு இழுப்பு இழுத்தார். தெருவே திரும்பிப் பார்த்தது. பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாக்கா வாசலுக்கு ஓடிவந்து சொன்னார்:

"ஏப்பா அருளு, யாரப்பா மரத்துக்குள்ள போட்டு அடைச்ச? தெறந்து விடு, பாவம்!"

பெட்டிப் பலகை

அந்தச் சத்தம் காதை விட்டுப் போகவில்லை. நானே ஒன்று செய்யத் தொடங்கினேன். முதுகுக்கும் பக்கத்துக்கும் பலா சரியாக அமைந்தது. மேல் பலகைக்கும் பலாவையே போட்டால் கதவைத் தட்டுவது போலக் கேட்டது. கடைசியில், தோட்டத்துக்கு மெஷின் வந்த கப்பல் பெட்டியின் லேசான பலகையை துரையிடம் கேட்டு வாங்கி, மெல்லிசாக இழைத்துப் போட்டேன். கத்தியது!

ஊருக்கு வந்திருந்த நாடகக் கம்பெனி வாத்தியக்காரர் அதை ஆசையாக வாங்கிப்போனார். மைக் இல்லாத கொட்டகை. முதல் நாடகம் முடிந்த மறுநாள் காலையிலேயே, கதாநாயகி வேஷம் கட்டும் அம்மாள் என் பட்டறைக்கு வந்துவிட்டார்.

"அண்ணே, மேடையில பிள்ளையப் பறிகுடுத்துட்டு நான் தொண்டத்தண்ணி வத்த அழுகுறேன், சனம் கிடார்க்காரரப் பாத்துக் கை தட்டுது. அதுக்கு வாயில துணியத் திணிச்சுக் குடுங்க!"

சவரிமுத்து

சவரிமுத்து பக்கத்து ஊர்க்காரர். மாதா கோயிலில் பூசைக்குப் பிடில் வாசித்தவர். பருத்தி அரைக்கும் மில்லில் இடது கையின் கடைசி இரண்டு விரலையும் மெஷினுக்குக் கொடுத்துவிட்டார். அதிலிருந்து பிடிலும் இல்லை, பேச்சும் இல்லை. அவர் மனைவி லூர்து அவரைக் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டுதான் வந்தார். "அந்தப் பெரிய வாய்க் கிடார இவுக மடியில வச்சுப் பாருங்கண்ணே" என்றார்.

சவரிமுத்து இடது கையைத் துண்டுக்குள்ளேயே வைத்திருந்தார். நான் கிடாரை மடியில் வைத்துவிட்டு, லூர்தை அழைத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டேன். அப்புறம் ஒற்றைக் கம்பியில், தடுமாறித் தடுமாறி ஒரு கோயில் பாட்டு. லூர்து என் பட்டறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். இருக்கிற விரலுக்கு எட்டும்படி கழுத்தை ஒடுக்கமாக்கி அவருக்கென்று ஒன்று செய்தேன். அந்த ஒடுக்கமே வினையானது. எஃகுக் கம்பி இழுத்த இழுப்பில் கழுத்து வில்லாக வளைந்து, கம்பி விரலுக்கு அடங்காமல் எழும்பி நின்றது. மனுசர் கிடாரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு நடந்தார். இனி இவர் தொடவே மாட்டார் என்றுதான் நினைத்தேன்.

வண்டிச் சக்கரப் பட்டையில் ஒரு துண்டு அறுத்து, அந்த இரும்பை உள்ளே புதைத்து வேறு கழுத்துப் போட்டேன். அது நின்றது. கிடாரை நானே அவர் வீட்டுக்குத் தூக்கிப்போய், "பிடிக்கலைன்னா அடுப்புல வச்சிருங்க" என்று கொடுத்தேன். அவர் அடுப்பில் வைக்கவில்லை. மாதா கோயில் திருவிழாச் சப்பர பவனியில் மேளத்தையும் வெடியையும் தாண்டி, ரெண்டு விரல் ஓடிய ஓட்டம் அடுத்த தெருவரை கேட்டது. அடுத்த வாரம் லூர்து பட்டறைக்கு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணே, இவுக பேச ஆரம்பிச்சுட்டாக! மொதப் பேச்சே கொழம்புல உப்பு இல்லங்கிறதுதான், பேசட்டும்ணே, நல்லாப் பேசட்டும்!"

சண்டைக்காலக் கம்பி

சண்டை வந்ததும் சீமைக் கம்பி வருவது நின்றது. பஸ் பட்டறையில் கழித்துப்போட்ட பிரேக் கம்பியைப் பிரித்து, புரி புரியாக எடுத்து மாட்டினேன். விரலைக் கிழிக்கும், ஆனால் அறாது. கூடலூர் ஏலக்காய் வியாபாரி ஒருவருக்கு அதைப் போட்டுக் கொடுத்தேன். அவருக்கு அப்போதுதான் கிடார் பைத்தியம் பிடித்திருந்தது. ஒரே மாதத்தில் அவர் சம்சாரம் வண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்கினார்.

"பிரேக் கம்பின்னுதான சொன்னீக, பெறகு ஏன் இந்த மனுசன் நிறுத்தவே மாட்டேங்குறாரு?"

எந்த மரத்தை எப்படி இழைத்தால் சத்தம் வரும் என்று ஒருவழியாகக் கற்றுக்கொண்டேன், ஆனால் அந்தச் சத்தத்துக்குப் பிறகு வந்து நிற்கிற ஆட்களுக்குப் பதில் சொல்லத்தான் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறேன்.