கரிக்காரன் தடத்தில் கிடந்த கட்டை

நிவெஸ் ஒத்தேரா யாரோடு பேச நின்றாலும் அவள் கண் முதலில் போவது எதிராளியின் காலுக்குத்தான். பூட்ஸில் ஒட்டியிருப்பது சிவப்பு மண்ணா கறுப்பு மண்ணா, எந்தச் சரிவில் நடந்துவிட்டு வருகிறார், வாய் சொல்வதும் கால் சொல்வதும் ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே முகத்தைப் பார்ப்பாள். பியான்கோர்னோ என்ற அந்த மலையடி ஊரில் அவளுக்குப் ‘போலீஸ்காரி’ என்று பெயர். அவள் காதுபடவே சொல்வார்கள். அவளும் கோபித்துக்கொண்டதில்லை.

ஊருக்கு மேலே மலையில் பதினோரு சைக்கிள் தடங்கள் இருந்தன. ஒரு காலத்தில் கழுதைகளும் கரி சுடுகிறவர்களும் நடந்த ஒற்றையடிப் பாதைகள்தான் இப்போது மலைச் சைக்கிள்காரர்களுக்குத் தடங்களாகியிருந்தன. வெளிநாடுகளிலிருந்து வருகிறவர்களை ருஜ்ஜேரோ பிரியோட்ஸோ தன் வேனில் சைக்கிளோடு ஏற்றிக் கடல் தெரியும் உச்சியில் இறக்கிவிடுவான். அவர்கள் தலைதெறிக்கக் கீழே வருவார்கள். தடங்களைப் பராமரிக்கும் சங்கத்துக்கு ருஜ்ஜேரோ தலைவன், நிவெஸ் அதன் ஒரே வேலையாள். மழை அரித்த வளைவுகளுக்கு மண் அணைப்பது, தண்ணீர் வடிய வாய்க்கால் கீறுவது, விழுந்த மரத்தை மிஷின் ரம்பத்தால் அறுத்து ஒதுக்குவது எல்லாம் அவள்தான். ஐம்பத்திரண்டு வயதாகியும் அவள் ஒருமுறைகூட அந்தச் சைக்கிளில் ஏறியதில்லை. “விழறதுக்குன்னே அவ்வளவு தூரத்துலேருந்து வர்றாங்க. எனக்கு வழுக்கி விழ வீட்டு வாசலே போதும்” என்பாள்.

சந்தேகம் அவளுக்கு வீட்டுச் சொத்து மாதிரி வந்தது. அவளுடைய அப்பாவும் சித்தப்பாவும் ஒரு செஸ்ட்நட் தோப்பைப் பாதியாகப் பிரித்துக்கொண்டவர்கள். நடுவில் நட்ட எல்லைக்கல் ஒவ்வொரு குளிர்காலமும் நாலு விரல் நகர்ந்திருக்கும். யார் நகர்த்தியது என்று பார்த்துவர அப்பா அவளைத்தான் அனுப்புவார். ஏழு வயதிலேயே மண்ணைப் படிக்கக் கற்றுக்கொண்டாள். பிறகு கல்யாணம் ஆனது. ஒரு மார்ச் மாதம், வடக்கே மாட்டுச் சந்தைக்குப் போய் வந்ததாகப் புருஷன் சொன்னான். அவன் ஷூவைத் தட்டியபோது உள்ளிருந்து கடற்கரை மணல் கொட்டியது. அவள் ஒன்றும் கேட்கவில்லை. மூன்று வாரம் பொறுத்து, அந்த மணல் எந்த ஊர்க் கடற்கரை, எந்தப் பெண்ணின் வீட்டு வாசல் என்பதுவரை கண்டுபிடித்தபின் அவன் பெட்டியை வெளியே வைத்தாள். அந்தச் சந்தேகம் சரியாகப் போனதுதான் அவளைக் கெடுத்தது. அதன்பிறகு எந்தச் சந்தேகத்தையும் அவளால் சும்மா விட முடியவில்லை.

அவளுக்கு ஐம்பத்திரண்டு வயதான வருஷம் செப்டம்பர் கடைசியில் கரிக்காரன் தடத்தில் முதல் கட்டை கிடந்தது.

பதினோரு தடங்களில் அதுதான் வேகமானது. பாதி மலையில் ஒரு பாறையைச் சுற்றி வளையும், வளைந்த பிறகுதான் முன்னால் இருப்பது தெரியும். அந்த வளைவை அடுத்துத் தொடை மொத்தத்துக்கு ஒரு காய்ந்த மரம் குறுக்கே கிடந்தது. காற்றில் விழுந்திருக்கும் என்றான் ருஜ்ஜேரோ. நிவெஸ் குனிந்து பார்த்தாள். அக்கம்பக்கத்தில் முறிந்த மரம் எதுவும் இல்லை. இழுத்து வந்த தடயமும் இல்லை. ஆனால் கட்டையிலிருந்து பத்தடிக்குச் சருகெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தது. யாரோ தழையால் பெருக்கிவிட்டிருக்கிறார்கள். ஒன்பது நாள் கழித்து அதே வளைவில், மண் அணைப்பை ஒட்டி மூன்று கற்கள் வரிசையாக இருந்தன.

அவள் மனம் நேரே சில்வேரியோ சிக்கார்தியிடம் போய் நின்றது. காட்டுப்பன்றி வேட்டைக் குழுவுக்கு அவன் தலைவன். அவளோடு ஒரே வகுப்பில் படித்தவன். கோடையில் ஒர்தென்ஸியாவின் பாரில் உட்கார்ந்து, ஞாயிற்றுக்கிழமை வேட்டை நடக்கும்போது பச்சையும் மஞ்சளுமாகச் சட்டை போட்ட சைக்கிள்காரர்கள் நடுவில் பாய்ந்தால் பன்றி எப்படி நிற்கும் என்று மேஜையைத் தட்டிக் கேட்டவன். அன்றிலிருந்து நிவெஸ் அவனுடைய பூட்ஸ் தடத்தை மலை முழுக்கத் தேடினாள். வலது குதிகால் வெளிப்பக்கம் தேய்ந்த தடம் அது. சில இடங்களில் கிடைத்தது, கரிக்காரன் வளைவில் மட்டும் கிடைக்கவில்லை. தடம் விடாமல் வருகிறவன் உஷாரானவன் என்று எண்ணினாளே தவிர, அவன் வரவேயில்லை என்று எண்ணவில்லை.

அக்டோபர் இரண்டாம் வாரம் ஆஸ்திரியாவிலிருந்து வந்த ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் அந்த வளைவில் இன்னொரு கட்டையின்மேல் மோதி, சைக்கிளுக்கு மேலாகப் பறந்து பாறைமேல் விழுந்தார். தோள்பட்டை எலும்பு முறிந்தது, இரண்டு விலா எலும்புகளில் விரிசல். நல்லவேளையாக டாக்டர் அவுரேலியோ வதோனே காளான் கூடையோடு பக்கத்தில் இருந்தார். முப்பத்தெட்டு வருஷம் அந்தப் பள்ளத்தாக்குக்கே டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சத்தம் கேட்டு வந்து தன் கழுத்துத் துணியால் கையைத் தொங்கலிட்டுக் கட்டி, ஹெல்மெட்டை ஜாக்கிரதையாகக் கழற்றி, ஆம்புலன்ஸ்காரர்கள் ஏறி வரும்வரை அந்த மனிதரின் தலையைத் தன் மடியில் வைத்திருந்தார். ஊரே அதைப் பேசியது. நிவெஸும் அவர் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். அவளுடைய அப்பா இறந்தபோது கண்ணை மூடிவிட்ட கை அது.

சனிக்கிழமை அவள் பாருக்குள் போனபோது சில்வேரியோ சீட்டாடிக்கொண்டிருந்தான்.

“சில்வேரியோ, சைக்கிள்காரங்க இடைஞ்சல்னு இதே மேஜையில சொன்னவன் நீதான” என்றாள். “கட்டையைப் போட்டதும் நீதான்னு நான் சொல்றேன்.”

அவன் கையிலிருந்த சீட்டைக் கவிழ்த்து வைத்தான். “சொன்னேன். சத்தமா, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். போட்டுட்டு ஒளியறது என் பழக்கமில்ல. நான் ஒண்ணு கேட்கிறேன். தடம் கெட்டா யாருக்கு வேலை? எனக்கா? காலையிலேருந்து பொழுது சாயறவரை அந்தத் தடத்துல தனியா இருக்கிறது ஒரே ஒரு ஆள்தான். அது யாருன்னு எல்லாரும் யோசிச்சுப் பாருங்க.”

ஒர்தென்ஸியா ஏற்கெனவே துடைத்த கோப்பையை மறுபடி துடைத்தாள். மறுநாள் வேனில் சைக்கிள்களைக் கட்டிக்கொண்டே, விபத்து நடந்த அன்று அவள் எத்தனை மணிக்கு மேலே போனாள் என்று ருஜ்ஜேரோ சும்மா கேட்பதுபோலக் கேட்டான். ஏழரைக்கு, ஆனால் வேறு தடத்தில் என்று சொன்னாள். அவன் தலையாட்டினான். பிறகு அவன் பார்வை மெல்ல இறங்கி அவளுடைய பூட்ஸில் போய் நின்றது. இத்தனை வருஷமாகத் தான் மற்றவர்களுக்குச் செய்தது எப்படி இருக்கும் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் திருந்தவில்லை, இன்னும் பிடிவாதம்தான் ஏறியது.

மறுநாளிலிருந்து விடியும் முன்பே ஏறிப்போய், வளைவுக்கு மேலே செஸ்ட்நட் தூருக்குப் பின்னால் உட்கார ஆரம்பித்தாள். நாலு நாள் ஒரு நரியும் சில சைக்கிள்காரர்களும்தான் போனார்கள். ஐந்தாம் நாள் மூடுபனி. கரி சுடுகிறவர்கள் விட்டுப்போன கூரையில்லாத குடிசைச் சுவரின் பின்னால் யாரோ இருமினார்கள். அவள் மண்வெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு சுற்றிப்போனாள். சில்வேரியோ உட்கார்ந்திருந்தான். துப்பாக்கி இல்லை, நாயும் இல்லை.

“நாலு நாளா நீ ஒண்ணுமே பண்ணல” என்றான் அவன், ஏமாந்துபோன குரலில்.

“நான் எதுக்குடா பண்ணணும்?”

“அதைப் பார்க்கத்தான் வந்தேன்.”

“நாலு நாளும் இங்கதான் இருந்தியா?”

“முதல் நாள் ரொட்டியில வெங்காய ஆம்லெட் வச்சுக் கொண்டுவந்தே. ரெண்டாம் நாள் வெறும் சீஸு. நேத்து ஒண்ணுமே தின்னல.”

பாறைமேலேயே கால் வைத்து வந்திருக்கிறான். அவள் கண்ணில் எதுவும் படவில்லை. கோபமா வெட்கமா என்று தெரியாமல் அவள் முகம் சுட்டது. அவன் தன் பையிலிருந்து காப்பிக் குடுவையை எடுத்து நீட்டினான். அவள் வாங்குவதா வேண்டாமா என்று நிற்கும்போதே கீழே சருகு நொறுங்கியது. இருவரும் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார்கள்.

டாக்டர் வதோனே கூடையும் கைத்தடியுமாக ஏறி வந்தார். கூடையை ஓரமாக வைத்தார். கோட்டைக் கழற்றி மடித்து ஒரு கிளையில் தொங்கவிட்டார். புதருக்குள்ளிருந்து கை மொத்தத்தில் ஒரு மரத்தை, அவசரமே இல்லாமல், நோயாளிக்குப் படுக்கை விரிப்பதுபோல இழுத்து வந்து வளைவை அடுத்துக் கிடத்தினார். சைக்கிள் வரும் பக்கம் போய் நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். திரும்பி வந்து கட்டையை ஒரு சாண் நகர்த்தினார். ஒரு தழையை ஒடித்துத் தரையைப் பெருக்கினார். பிறகு கூடையிலிருந்து காளானுக்கு அடியில் இருந்த ஒரு துணிப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, மரத்தடிக் கல்லில் உட்கார்ந்தார்.

சில்வேரியோதான் முதலில் எழுந்து போனான். போகும்போதே பழக்கதோஷத்தில் தொப்பியைக் கழற்றிக்கொண்டான்.

“நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து வருவீங்கன்னு நான் எதிர்பார்க்கல” என்றார் டாக்டர்.

ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டான் சில்வேரியோ. டாக்டர் கைத்தடியால் மேட்டைக் காட்டினார். இருபதடி தள்ளி, ஓக் மரங்களுக்கு நடுவில் ஒரு சமதரை இருந்தது. நாற்பது வருஷமாகப் போர்ச்சீனிக் காளான் அங்கேதான் எடுக்கிறாராம். மனைவிக்குக்கூடக் காட்டியதில்லை. போன வருஷம் ஒரு சைக்கிள்காரன் அங்கே உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுக் காளானைப் படம் எடுத்துக்கொண்டு போனான். மறுநாள் ஏழு பேர் பையோடு வந்து மண்ணையே புரட்டிப் போட்டுவிட்டார்கள்.

“அந்த வாத்தியார் செத்தே போயிருப்பார், டாக்டர்” என்றாள் நிவெஸ்.

“அதுக்குத்தான் நான் பக்கத்துலேயே இருந்தேன்” என்றார் அவர். மடியிலிருந்த பையைத் திறந்து காட்டினார். கட்டுத் துணி, பஞ்சு, கத்தரி, எலும்பு முறிந்தால் வைத்துக் கட்டும் மரச்சட்டம். “எல்லாம் கொண்டுதான் வருவேன். ஒரு நாளும் போட்டுட்டு வீட்டுக்குப் போனதில்ல, நிவெஸ். உங்கப்பாவைக் கேட்டிருந்தா அவரே சொல்லியிருப்பார், நான் யாரையும் பாதியில விடறவன் இல்லன்னு.”

அவர் அதை நம்பித்தான் சொன்னார். அதனாலேயே நிவெஸுக்குக் கட்டையைவிட அந்தப் பை பயமாக இருந்தது.

இன்றைக்கே நீங்களாகப் போலீஸுக்குப் போகிறீர்களா, நாங்கள் போகட்டுமா என்று சில்வேரியோ கேட்டான். டாக்டர் கோட்டை மாட்டிக்கொள்ள நேரம் கேட்டார், மாட்டிக்கொண்டார். சில்வேரியோவே தன் ஜீப்பில் அவரைக் கூட்டிக்கொண்டு போனான். நிவெஸ் கட்டையைத் தள்ளிவிட்டு நிமிரும்போது மேலே சக்கரச் சத்தம் கேட்டது. ஐந்து பேர் வளைவில் சாய்ந்து பறந்து போனார்கள். கடைசியாகப் போனவர் வேலையாளைக் கண்டு நன்றியாகக் கையை உயர்த்தினார்.

வழக்கு குளிர்காலம் முழுக்க நடந்தது. வயதைப் பார்த்து டாக்டரை உள்ளே வைக்கவில்லை, தண்டனையை நிறுத்தி வைத்தார்கள். ஆசிரியருக்கு அவர் நாலு பக்கம் கடிதம் எழுதினார், பதில் வரவில்லை. ஊர் இரண்டாகப் பிரிந்தது. பெரிய மனிதரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம், போலீஸ் எதற்கு என்றார்கள் சிலர். ஒர்தென்ஸியா மட்டும், “அவர் எழுதிக்குடுத்த மாத்திரையையெல்லாம் இப்ப உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கு” என்றாள். அவர் பாருக்கு வருவதை நிறுத்திவிட்டார்.

நிவெஸ் ஒரு சனிக்கிழமை சில்வேரியோவின் மேஜைக்கு முன்னால் போய் நின்றாள். “அன்னைக்கு நான் சொன்னது தப்பு” என்றாள்.

“எது தப்பு? சத்தமாச் சொன்னதா, நான்னு சொன்னதா?”

“ரெண்டும்.”

“சரி. நான் சொன்னதும் தப்புதான். உட்காரு” என்று அவளுக்கும் சீட்டுப் போட்டான்.

அவளை அரித்தது வேறொன்று. டாக்டரின் பூட்ஸ் தடத்தை அந்த வளைவில், பெருக்கிய இடத்துக்குச் சற்றுத் தள்ளி, அவள் பார்த்திருந்தாள். ஒருமுறையல்ல, மூன்று முறையும் பார்த்திருந்தாள். டாக்டர்தானே என்று தாண்டிப் போயிருந்தாள். ஊரில் எத்தனையோ பேரைச் சந்தேகப்பட்டவள், சந்தேகப்பட வேண்டிய ஒரே ஆளை மரியாதைக்காக விட்டுவிட்டாள். இனி யாருக்கும் அந்தச் சலுகை கிடையாது என்று முடிவு செய்துகொண்டாள். சொந்த அக்கா ஈஸ்டருக்குக் கொண்டுவந்த கேக்கைக்கூட எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டு வாங்கிக்கட்டிக்கொண்டாள்.

வசந்தத்தில் சங்கம் கரிக்காரன் தடத்தை அந்த ஓக் மரங்களை விட்டு விலக்கி, முகட்டு வழியாகத் திருப்ப முடிவு செய்தது. பன்றிகள் எங்கே கடக்கும் என்று தெரிந்தவன் சில்வேரியோதான் என்பதால் அவனும் கூட வந்தான். ஓடையிலிருந்து ஏறும் பன்றிகள் இந்த இரட்டைப் பாறையின் கீழ்ப்பக்கம்தான் கடக்கும், தடம் அதற்கு மேலேயே போகட்டும், அப்போதுதான் உன் ஆட்களுக்கும் நல்லது, என் ஆட்களுக்கும் நல்லது என்று சொல்லி அடையாளக் குச்சியைக் காட்டினான். நிவெஸ் தலையாட்டினாள்.

மறுநாள் விடிந்ததும் தனியாக ஏறிப்போனாள். இரட்டைப் பாறைக்குக் கீழே முட்டி போட்டு உட்கார்ந்து பார்த்தாள். பிளந்த குளம்புத் தடங்கள், பழையதும் புதியதும், சேற்றில் வரிசையாக இருந்தன. ஒரு மரத்தில் இடுப்பு உயரத்துக்குப் பன்றி உரசிய சேறு இன்னும் ஈரமாக இருந்தது. அவன் சொன்ன இடம் ஒரு சாண்கூட மாறவில்லை. அவள் எழுந்து அவன் சொன்னபடியே குச்சிகளை முகடுவரை நட்டாள். பத்து மணிக்கு அவன் வந்து, “எப்ப வந்தே?” என்று கேட்டபோது, இப்போதுதான் என்றாள்.