கல்லாவுக்கு மேல் யார் படம்?

இன்று காலை எங்கள் சபை அண்ணன் ஒருவர் போடியில் இருக்கும் என் ஏலக்காய்க் கடைக்கு வந்தார். கையில் ஒரு பிரசங்கியாரின் படம், சட்டம் போட்டது.

“கல்லாவுக்கு மேல மாட்டு தம்பி. யாவாரம் பிச்சுக்கிட்டுப் போகும்.”

எனக்குச் சந்தேகம் தட்டியது. “இயேசுவை விட்டுட்டு இவரைக் கும்பிடச் சொல்றீங்களாண்ணே?”

“கும்பிட வேணாம்ப்பா. சும்மா மாட்டு, ஆசீர்வாதம்.”

“வேணாண்ணே. கொண்டுபோயிருங்க.”

அவர் முகம் சுருங்கிவிட்டது. படத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டே கேட்டார்: “நீ மட்டும் என்ன? காலையில எந்திரிச்சதும் வேதத்தைத் தொறக்குறியா, போன்ல ஏலக்காய் ரேட்டைப் பாக்குறியா?”

கல்லா மேல் கிடந்த போனைக் கவிழ்த்து வைத்தேன்.

படத்தைத் திருப்பி அனுப்பிவிட்டேன். போனை எங்கே அனுப்புவது என்றுதான் தெரியவில்லை.

நீங்கள் கண் விழித்ததும் முதலில் எதைத் தொடுகிறீர்கள்? பொய் சொல்லாமல் சொல்லுங்கள்.