எல்லா ஃபைலிலுமா, இதில் மட்டுமா

தங்கச்சி பிரசவத்துக்காக அம்மா கோயம்புத்தூர் போன பிறகு, திருச்சுழிப் பக்கத்து எங்கள் வீட்டில் நானும் இன்வெர்ட்டரும் மட்டும்தான். சென்னைக் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறேன். டீமில் எல்லோரும் அவரவர் ஊரில். நாள் முழுக்க எழுத்தில்தான் பேச்சு. பகலில் வாய்திறந்து என்னிடம் பேசுகிற ஒரே ஆள் பக்கத்து வீட்டுப் பெரியப்பா. அவரும் ஆடு பத்திக்கொண்டு போகிற போக்கில், "ஏம்ப்பா, இன்னும் வேலை கெடைக்கலையா?" என்று கேட்பார். நான் பதில் சொல்வதற்குள் ஆடுகள் அவரைக் கூட்டிக்கொண்டு போய்விடும்.

அன்று காலை எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. புரோகிராமில் ஒரு பெயர் ரொம்ப நாளாகக் கண்ணை உறுத்தியது. எடிட்டரில் ஓரிடத்தில் பெயரை மாற்றினால், அது வருகிற அத்தனை ஃபைலிலும் தானாக மாறிவிடும். மாற்றினேன். வேறொரு மென்பொருள் அதே பெயரைச் சொல்லித்தான் எங்கள் புரோகிராமைக் கூப்பிடுகிறது என்பதை மறந்துவிட்டேன். சோதனை ஓட்டத்தில் பாதிக்கு மேல் தோல்வி, திரையெல்லாம் சிவப்பு. உடனே மாற்றத்தைத் திரும்பப் பெறும் கட்டளையை அழுத்தினேன். எல்லா ஃபைலிலுமா, இதில் மட்டுமா என்று எடிட்டர் கேட்டது.

நரிக்குடிப் பக்கம் எங்களுக்குக் கண்மாய்ப் பாசனத்தில் கொஞ்சம் நெல் உண்டு. தண்ணீர் தப்பாகப் பாய்ந்தால் நம் வயலுக்குத் தண்ணீர் நுழைகிற வாமடையை மட்டும்தான் அடைப்போம். கண்மாய் மடையையே அடைத்தால் ஊரே சண்டைக்கு வரும். அந்தப் புத்தியில் 'இதில் மட்டும்' என்று அழுத்தித் தொலைத்தேன். அதோடு எல்லா ஃபைலையும் ஒரே அழுத்தில் திருப்புகிற கோர்வை அறுந்தது. இனி ஒவ்வொரு ஃபைலாகத் திறந்துதான் பழையபடி ஆக்க வேண்டும். மொத்தத்தையும் தூக்கிப் போட்டுவிட்டுப் பழைய பிரதியை எடுக்கவும் முடியாது. இரண்டு நாளாகச் செய்த வேறு வேலையும் அவற்றுக்குள் கலந்து கிடந்தது. சாயங்காலம் வாடிக்கையாளருக்குக் கொடுத்தாக வேண்டும். மானத்தை விட்டு டீமுக்கு எழுதினேன்.

டீமை நடத்துகிற மேடம் எல்லோரையும் ஒரே அழைப்பில் சேர்த்தார். அவர்கள் தங்களிடமிருந்த பழைய பிரதியை ஒப்பிடத் திறந்து வைத்துக்கொண்டு என் திரையைப் பார்த்தார்கள். நான் ஃபைல் பெயரைப் படித்துச் சரிசெய்வேன். யாராவது, "சரி, அடுத்தது" என்பார்கள். ஒருவர் வீட்டில் குக்கர் விசிலடித்தது. "சாம்பாரா?" என்று மேடம் விசாரித்தார். இன்னொருவர், "உங்க அருப்புக்கோட்டைப் பக்கம் மழை உண்டா?" என்று கேட்டார்.

"மேகம் வரும். எட்டிப் பாத்துட்டுப் போயிரும்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் சொல்லி நாலு பேர் சிரித்து எத்தனை நாளாயிற்று! சந்தோஷமாக இருந்தது. இதற்கா இவ்வளவு சந்தோஷம் என்று வெட்கமாகவும் இருந்தது.

மிச்சமிருந்த ஃபைல்கள் குறைந்துகொண்டே வந்தன. இது முடியாவிட்டால் என் பெயர் கெடும். முடிந்தால் இவர்கள் போய்விடுவார்கள். ஏற்கெனவே சரிசெய்த ஒன்றை மறுபடி திறந்து படித்துக் காட்டினேன்.

"அது பாத்தாச்சே" என்றார் மேடம்.

கடைசியில் எல்லாம் பச்சையாயிற்று. "அப்பாடா" என்று ஒவ்வொருவராக விலகினார்கள். டீமில் என்னைவிட இளையவர் ஒருவர் மட்டும் போகாமல் நின்றார். "அண்ணே, இன்னும் ஏதாவது இருக்கா?"

இருக்கிறது என்று சொல்ல ஒரு ஃபைல்கூட மிச்சமில்லை.

"இல்லப்பா, வச்சிரு" என்றேன்.