தவறான வரைபடம்

என் மகள் சுதா மைசூர் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தாள். தொண்ணூறுகளில் அந்த வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். யாரும் அவளைக் குறை சொல்லிவிடக் கூடாதே என்று எனக்குப் பயம். "சொன்னதைச் செய், எதிர்க்கேள்வி கேக்காதே" என்று சொல்லித்தான் தினமும் அனுப்புவேன்.

ஒரு தொழிற்சாலையில் அப்ரண்டிஸ் எடுத்தார்கள். தேர்வில், பார்த்துச் செய்யக் கொடுத்த வரைபடத்தில், துளையைவிட அதில் நுழைய வேண்டிய ஆணி தடிமனாக இருந்தது. யார் எழுந்து கேட்கிறார்கள் என்று பார்ப்பதற்காக வேண்டுமென்றே வைத்த தவறு அது. சுதா கேட்கவில்லை. அந்த அளவுக்கே பிசகாமல் ஆணியை அரத்தால் ராவிக் கொடுத்துவிட்டாள். அவளை எடுக்கவில்லை.

வெளியே என் எதிரிலேயே அவளுடைய ஐ.டி.ஐ. வாத்தியார் கேட்டார்.

"அளவு தப்புன்னு தெரியலையாம்மா?"

"தெரிஞ்சுது சார்."

"பின்னே? ஏன் எதுக்குன்னு கேக்கத்தானே வருஷம் பூரா சொல்லிக்குடுத்தேன்?"

அவள் என்னைப் பார்த்தாள். "அப்பா திட்டுவாங்க சார்."

பஸ்ஸில் அவள் அழவில்லை. நான்தான் அவள் பக்கம் திரும்பிச் சொன்னேன்.

"இனிமே சந்தேகம்னா யாரா இருந்தாலும் கேளு கண்ணு."

"சரிப்பா."

இத்தனை நாள் வேறு மாதிரி சொன்னீர்களே என்று அவள் கேட்கவில்லை. எங்கள் விஜயநகர் ஸ்டாப்பில் இறங்கும்வரை, கேட்க மாட்டாளா என்று காத்துக்கொண்டே வந்தேன்.