செபமாலையில் வராத பெயர்

போன வருடம் மே மாதம், பள்ளத்தூரில் எங்கள் வீட்டில் நடந்தது இது. கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை. அம்மா காலமான பிறகு அப்பாவுக்குத் துணையாக நான்தான் இருக்கிறேன். இங்கேயே பள்ளியில் டீச்சர்.

என் அண்ணன் தன் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொண்டு கோயம்புத்தூர் போனதிலிருந்து அப்பா அவனோடு பேசவில்லை. ஏழெட்டு வருடம் இருக்கும். ஆனால் தினமும் சாயங்காலம் செபமாலை முடிந்ததும் அப்பா சொந்தமாக ஒரு வேண்டுதல் வைப்பார். அதில் இறந்துபோன அம்மா வருவார், என் கணவர் வருவார், பேச்சுவார்த்தையே இல்லாத அண்ணன் பெயரும் தவறாமல் வரும். சோறாக்கி, வேளைக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிற என் பெயர் மட்டும் வராது. கேட்டு வாங்கவா முடியும்? வயிறுதான் எரியும்.

இந்த லட்சணத்தில் டிவியில் ஒரு காமெடி சீரியல் ஆரம்பித்தது. கோபித்துக்கொண்ட அப்பாவும் மகனும் ஒரே வீட்டில் மாடியிலும் கீழேயுமாக இருந்துகொண்டு அடிக்கிற கூத்து. அதில் ஒரு மகளும் உண்டு. காபி கொண்டுவந்து வைப்பாள், அதோடு சரி. அப்பா கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார். நான் என்ன சொன்னாலும் "ம்" என்கிற மனுஷன்! நான் படிக்கிற காலத்தில் என் பரீட்சைக்குக்கூடத் தள்ளிப்போகாத செபமாலை, அந்த சீரியலுக்காக அரை மணி தள்ளிப்போனது.

ஒருநாள் சீரியல் அப்பா மகனுக்கு போன் போட்டு, அவன் எடுத்ததும் "ராங் நம்பர்" என்று வைத்துவிட்டார். எங்கள் அப்பா சிரிக்கவில்லை. விளம்பரம் வந்ததும், "அவன் நம்பர் ஓங்கிட்ட இருக்கா தாயி?" என்றார். போட்டுக் கொடுத்தேன்.

"ஏப்பா, டிவி பாத்துக்கிட்டு இருக்கியா?" என்று மட்டும் கேட்டார். அண்ணனும் அதே சீரியலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்! மன்னிப்பும் இல்லை, சமாதானமும் இல்லை. அன்றிலிருந்து விளம்பரத்துக்கு விளம்பரம் இருவரும் போனில் சீரியல் கதை பேசினார்கள். நான் காபி கொண்டுவந்து வைத்தேன்.

மே மாதம் அண்ணன் வந்தான். அண்ணிக்கு லீவு கிடைக்கவில்லை. அப்பா விடிந்ததுமே நாட்டுக்கோழிக்குச் சொல்லிவிட்டார். சாயங்காலம் இருவரும் ஒட்டி உட்கார்ந்து டிவி பார்த்துச் சிரிக்க, எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விட்டுப் போனவனுக்கு விருந்து, கூட இருந்தவளுக்கு அடுப்படி! செபமாலையில் இன்றாவது என் பெயர் வரும் என்று காத்திருந்தேன். அம்மா வந்தார், என் கணவர் வந்தார். அப்பா சிலுவை போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்.

மறுநாள் காலையிலேயே நெற்குப்பையில் இருக்கும் தோழி வீட்டுக்குக் கிளம்பினேன். "எப்பத்தா வருவ?" என்றார் அப்பா. "அதான் ஒங்க மகன் வந்துருக்காகள்ல, நான் எதுக்கு?" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

ராத்திரி தங்குவதென்று முடிவு செய்துவிட்டேனே தவிர, பொழுது சாய்ந்ததும் மனசு கேட்கவில்லை. அப்பா மாத்திரை போட்டாரா என்று கேட்க அண்ணனுக்கு போன் செய்தேன். "செபத்துல இருக்கோம், இரு" என்று கட் பண்ணாமல் கீழே வைத்துவிட்டான். அப்பா குரல் கேட்டது. அம்மாவுக்காக வேண்டினார், என் கணவருக்காக வேண்டினார். அப்புறம் என் பெயர்.

"பிள்ள கோவிச்சுக்கிட்டுப் போயிருக்கு மாதாவே. நல்லபடியா வீடு கொண்டாந்து சேருங்க."

பக்கத்திலேயே இருந்த அண்ணனுக்காக எதுவும் வேண்டவில்லை. முந்தின நாளும் அவன் பெயர் வரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வீட்டில் இல்லாதவர்களுக்குத்தான் அந்த வேண்டுதல். தோழி வீட்டு வாசலில் நின்று அழுதேன்.

மறுநாள் முதல் பஸ்ஸில் போய் இறங்கினேன். "வந்துட்டியா? காபி போடு தாயி" என்றார் அப்பா. போட்டேன்.

அண்ணன் ஊர் திரும்பிய அன்றே அவன் பெயர் வேண்டுதலில் ஏறிவிட்டது. முதல்முறையாக அவனை நினைத்துப் பாவமாக இருந்தது. இருவரும் போனில் சிரிக்கும்போது இப்போதும் எனக்குக் கொஞ்சம் எரியத்தான் செய்கிறது. ஆனால் அப்பா என் பெயரைச் சொல்லாமல் சிலுவை போட்டு எழுந்தால், இன்றைக்கும் நான் அவர் கண்ணெதிரில்தான் இருக்கிறேன் என்று நிம்மதியாகச் சோறு போட எழுகிறேன்.